பல்லிடுக்கில் பென்சில்

என் ஓரகத்தி படிக்கும்போது வாயை அசைப்பாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள் இல்லை; பள்ளிப் படிப்பை ஒழுங்காக முடித்தவள்தான். ஆனாலும் ஒரு தாளைக் கையில் எடுத்துவிட்டால் உதடு ஒவ்வொரு சொல்லையும் மென்றுகொண்டே இருக்கும். ஒரு பக்கம் முடிக்க நாலு நிமிடம். பார்க்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு எரிச்சல் வரும்.

அவள் கணவரும் என் கணவரும் அண்ணன் தம்பி, ஒரே பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஒரே வீடு, ஒரே அடுப்பு. நாங்கள் இரண்டு மருமகள்களும் வேலை பார்த்தது ஒரே அலுவலகத்தில், அதிலும் ஒரே நாற்காலியில். காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை அவள். ஒன்றிலிருந்து ஆறு வரை நான். இரண்டுமே தற்காலிக வேலை. நான் போய் உட்காரும்போது நாற்காலியில் அவள் சூடு இருக்கும். அதுகூட எனக்குப் பிடிக்காது.

வீடு கேட்டு மனுப் போடுகிறவர்களின் கோப்புகள் எங்கள் அலுவலகத்துக்கு வரும். ஆறு பக்கம், பத்துப் பக்கம். சிலர் ஒரு நோட்டுப் புத்தகத்தையே நிரப்பி அனுப்புவார்கள். நாங்கள் அதைப் படித்து, ஐந்து வரியில் ஒரு சீட்டு எழுதி, கீழே ‘தேவை அதிகம்’, ‘நடுத்தரம்’, ‘குறைவு’ என்ற மூன்றில் ஒன்றில் டிக் போட வேண்டும். மாடியில் கூடும் குழு அந்தச் சீட்டை மட்டும்தான் பார்க்கும். கோப்பை யாரும் புரட்டுவதில்லை. யார் கூரைக்குக் கீழே தூங்குவது, யார் படிக்கட்டுக்குக் கீழே தூங்குவது என்பதெல்லாம் எங்கள் ஐந்து வரியில் இருந்தது. முதல் மாதம் இதை நினைத்து டிக் போடும் முன் இரண்டு தடவை யோசித்தேன். இரண்டாம் மாதம் அதை விட்டுவிட்டேன்.

மனுக்காரர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். முதல் பக்கத்தில் அழுவார்கள், கடைசிப் பக்கத்தில் கெஞ்சுவார்கள், நடுவில் வீட்டுச் சொந்தக்காரனைத் திட்டுவார்கள். நான் நடுவை விட்டுவிடுவேன். ஒரு மதியத்துக்குப் பதினைந்து கோப்பு முடிப்பேன். எங்கள் பிரிவில் என் வேகத்துக்கு ஈடு கொடுக்க ஆள் கிடையாது. அக்கா, அதாவது என் ஓரகத்தி, ஒரு காலைக்கு நாலு முடித்தால் அதிகம். அதிலும் பாதி நேரம் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். “பாவம்டி, அந்தம்மா மாடிப்படி அடியில ரெண்டு வருஷமா படுத்திருக்காங்க” என்று என்னிடம் சொல்லுவாள். நான் பையை மாட்டிக்கொண்டு, “எழுந்திரிங்கக்கா, மணி ஒண்ணாச்சு” என்பேன்.

அவள்மேல் எனக்கு வெறுப்பு வந்தது மெதுவாகப் படிப்பதால் மட்டும் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் நான் ‘குறைவு’ போட்டு மேலே அனுப்பத் தட்டில் வைத்த ஒரு கோப்பை, மறுநாள் காலை அவள் எடுத்துப் படித்திருக்கிறாள். படித்ததோடு விடாமல் நான் வந்ததும் எல்லார் முன்னாலும், “அஞ்சாம் பக்கத்துல அந்தப் பொண்ணுக்குக் கண்ணு தெரியாதுன்னு எழுதியிருக்கே, நீ பாக்கலையா?” என்றாள். குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே நான் எப்படி விட்டேன் என்று ஆச்சரியப்பட்டுக் கேட்டாள். அதுதான் தாங்க முடியவில்லை. பக்கத்து நாற்காலிக்காரி களுக்கென்று சிரித்தாள். நான் சீட்டைக் கிழித்துப் புதிதாக எழுதினேன். அன்றைக்கு என் மூக்கு உடைந்தது உடைந்ததுதான்.

வீட்டில் மாமனார் இருந்தார். அவரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்துகிற வேலை பார்த்தவர். இப்போது இரண்டு கண்ணும் போய்விட்டது, ஒரு காலும் விளங்காது. ஆனால் நாக்கு மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. தினமும் செய்தித்தாளை அவருக்கு முழுதாக வாசித்துக் காட்ட வேண்டும். முழுதாக என்றால் மேலே இருக்கும் தேதியிலிருந்து கடைசிப் பக்கத்தில் காணாமல் போன நாய் வரைக்கும். ஒரு வரியை விட்டால் கண்டுபிடித்துவிடுவார். விட்டது எந்த வரி என்று அவருக்கு எப்படித் தெரியுமோ, கட்டில் கம்பியில் கரண்டியால் டங் டங்கென்று தட்டுவார். “ஏதோ முழுங்கிட்டே. பக்கத்தோட தலையிலேர்ந்து மறுபடி வா” என்பார். பதில் பேசினால் பிறந்த வீட்டையே இழுப்பார். “உங்கப்பன் உன்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனானா, பந்தயத்துக்கு அனுப்புனானா?”

காலையில் நான் அவரோடு இருப்பேன், மதியம் அக்கா இருப்பாள். அவளிடம் அவர் கரண்டியை எடுத்ததே இல்லை. அவள் வாசித்தால் குழந்தைபோலக் கேட்டுக்கொண்டு கிடப்பார். காலையில் என்னிடம் முதல் இரண்டு பக்கத்துக்குள் நாலு தடவை தட்டிவிட்டு, “போதும் விடு, மிச்சத்தைப் பெரியவ வந்து படிப்பா” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். நல்லதாப் போச்சு என்று நானும் எழுந்துவிடுவேன். அரை நாள் என்பதால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

அப்படியிருக்கும்போதுதான் சுற்றறிக்கை வந்தது. நான்கு பக்கம். அலுவலகத்து அறிவிப்புப் பலகையில் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார்கள். நான் ஒரே பார்வையில் விஷயத்தைப் பிடித்துவிட்டேன். இனி அரை நாள் வேலை கிடையாது. ஒவ்வொரு நாற்காலியிலும் இருக்கிற இருவரில் ஒருவரை மட்டும் முழு நாளுக்கு நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு வாசிப்புத் தேர்வு: முப்பது பக்கம், இருபது கேள்வி. தேர்வுக்கு முன் வேகமாகப் படிக்க ஒரு பயிற்சி உண்டு. மதிய ஆட்கள் பயிற்சிக்குப் போய்க் கற்றுக்கொண்டு, தங்கள் நாற்காலியில் காலையில் உட்காரும் ஆளுக்குச் சொல்லித் தர வேண்டும். இரண்டு தடவை பயிற்சியாளரைக் கூப்பிடுவது அலுவலகத்துக்குக் கட்டுப்படி ஆகாதாம்.

அக்கா அந்தப் பலகை முன்னால் நின்றாள், நின்றாள், நின்றுகொண்டே இருந்தாள். உதடு அசைந்தது. நான்கு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் படித்தாள். பியூன் கூட, “அக்கா, ராத்திரிக்கு விளக்கு போட்டு வைக்கவா?” என்று கேட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

எங்கள் நாற்காலியைப் பொறுத்தவரை இந்தத் தேர்வில் தோற்றால் என்ன ஆகும் என்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜெயிக்கிறவள் காலை எட்டு மணிக்குத் தலையைச் சீவிக்கொண்டு வெளியே போவாள். தோற்கிறவள் அந்த அறையில், அந்தக் கரண்டிக்குப் பக்கத்தில், நாள் முழுக்க உட்கார வேண்டும், அவர் சாகும் வரைக்கும். அவர் இப்போதைக்குச் சாகிற மாதிரி இல்லை. அன்றிரவு சாப்பிடும்போது அக்காவின் கணவரான மூத்தவர், “யாருக்குக் கிடைச்சாலும் சரி, வீட்டுல அப்பாவுக்கு ஒரு ஆள் இருக்கும்” என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு தட்டைக் கழுவக்கூட எழுந்திரிக்கவில்லை.

பயிற்சிக்கு வந்த ஆளுக்கு நாங்கள் பென்சில் மாஸ்டர் என்று பெயர் வைத்தோம். ஒல்லியான மனிதர், சட்டைப்பை நிறையப் பென்சில். இரண்டு மதியம் வந்தார். அவர் சொன்னதில் வேலைக்கு ஆகிறது நான்கு விஷயம். ஒரு அட்டையைப் பக்கத்தின் மேல் வைத்துக் கீழே இழுத்துக்கொண்டே போக வேண்டும், கண் அதற்கு முன்னால் ஓட வேண்டும். வாயும் மனசும் சொல்லைச் சொல்லாமல் இருக்க ஒரு பென்சிலைப் பல்லிடுக்கில் கடித்துக்கொள்ள வேண்டும். எக்காரணம் கொண்டும் தாண்டிவந்த வரிக்குத் திரும்பக்கூடாது. நான்காவதை அவர் கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொன்னார்: ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் தாளை மூடிவிட்டு, படித்ததில் மூன்று விஷயத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். “அது இல்லேன்னா மத்த மூணும் வீண். ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தின மாதிரி. இந்தப் பக்கம் ஊத்த ஊத்த அந்தப் பக்கம் போயிரும்.”

நான் வீட்டுக்கு வந்து அக்காவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முதல் மூன்றையும் சொல்லித் தந்தேன். நான்காவதைச் சொல்லவில்லை.

மறந்துபோய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அவளை ஓட வைக்க வேண்டும், ஆனால் கையில் ஒன்றும் இல்லாமல் ஓட வைக்க வேண்டும். முப்பது பக்கத்தையும் பறந்து முடித்துவிட்டு, கேள்வித்தாளைப் பார்த்து விழிக்கட்டும். அதை நினைக்க நினைக்க எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது.

இரண்டு வாரம் தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம். பழைய வாரப் பத்திரிகைக் கட்டை எடுத்து வைத்துக்கொள்வோம். அவள் பல்லில் பென்சில், என் கையில் அட்டை. ஆரம்பத்தில் அவள் உதடு பென்சிலைச் சுற்றிக்கொண்டு அசையும். கடைவாயில் எச்சில் ஒழுகும். “வாயை மூடுங்கக்கா, பாக்கச் சகிக்கல” என்பேன். கண் ஒரு வரி பின்னால் போனால் அட்டையால் விரலில் ஒரு அடி. அடி என்றால் செல்லத் தட்டு இல்லை, சுள்ளென்று உறைக்கும். அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். விரலைத் துணியில் தேய்த்துவிட்டு மறுபடி குனிவாள். ஒருநாள் ஏதோ ஒரு கதையில் குழந்தை கிணற்றில் விழுகிற இடம் வந்தது. அவள் கண் அங்கே நின்றுவிட்டது. நான் அட்டையை இழுத்து அதை மூடினேன். பென்சிலை எடுத்துவிட்டு, “பொழச்சுதா?” என்றாள். “அது உங்களுக்கு எதுக்கு? அடுத்த பக்கம்” என்றேன். வேகம் வந்தது. நாலு நிமிடப் பக்கம் இரண்டானது, ஒன்றானது, கடைசியில் இருபது வினாடிக்கு வந்து நின்றது. படித்தது என்ன என்று ஒரு தடவைகூட நான் கேட்கவில்லை.

தேர்வு ஒரு சனிக்கிழமை காலையில். எல்லார் மேஜையிலும் முப்பது பக்கக் கட்டு, ஒரு கேள்வித்தாள். மேற்பார்வையாளர் கையில் கடிகாரம் வைத்திருந்தார். மணி அடித்தது.

நான் அவசரப்படவே இல்லை. அதுதான் என் சாமர்த்தியம் என்று நினைத்தேன். அக்காவின் தலையில் ஒன்றும் நிற்காது என்று எனக்குத் தெரியும். பிறகு எதற்கு மூச்சிரைக்க ஓட வேண்டும்? வாழ்க்கையில் முதல் முறையாக நடுப் பக்கங்களையும் படித்தேன். சந்தேகம் வந்த இடத்தில் திரும்பிப்போய்ப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் மூன்று விஷயத்தை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பதினோராவது நிமிடத்தில், படித்து முடித்துவிட்டேன் என்று அக்கா கையைத் தூக்கினாள். மேற்பார்வையாளர் குறித்துக்கொண்டார். நான் குனிந்த தலையோடு சிரித்துக்கொண்டேன். பிறகு அவள் கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு திருதிருவென்று முழிப்பதைப் பக்கத்து மேஜையிலிருந்து ஓரக்கண்ணால் பார்த்தேன். ‘மனுதாரருக்கு எத்தனை குழந்தைகள்?’ என்பதற்கு மூன்று என்று எழுதினாள். ‘எத்தனை வருடமாக அங்கே குடியிருக்கிறார்?’ என்பதற்கும் மூன்று. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, இருமினேன். நான் பதினேழு நிமிடத்தில் படித்து முடித்து இருபது கேள்விக்கும் பதில் எழுதினேன். இருபதும் சரி. இன்றைக்குக் கேட்டாலும் ஒப்பிப்பேன். இரண்டு குழந்தைகள், ஏழு வருடம்.

திங்கட்கிழமை பலகையில் முடிவு ஒட்டினார்கள். எங்கள் நாற்காலிக்கு அவள் பெயர் இருந்தது.

முதலில் தவறாக ஒட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மேற்பார்வையாளர் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனிதர், நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

“சார், பதிலைப் பாத்தீங்களா? அவங்க எல்லாத்துக்கும் மூணுன்னு எழுதியிருக்காங்க.”

“பதிலை நாங்க பாக்கலம்மா. அதைத் திருத்த ஆள் எங்க இருக்கு? அது பயிற்சிக்காரர் கேட்டாருன்னு வெச்சது, அவர் ஏதோ கணக்குக்கு எடுத்துட்டுப் போயிட்டாரு.”

“அப்ப எதை வெச்சு ஆள் எடுத்தீங்க?”

“நேரத்தை வெச்சுதான். தலைமையகத்துல இருந்து ஒரு நாளைக்கு எத்தனை சீட்டு முடியுதுன்னுதான் கேக்கறாங்க. சுற்றறிக்கையில தெளிவா இருக்கேம்மா.” பலகையிலிருந்து எடுத்து வைத்திருந்த சுற்றறிக்கையை மேஜையில் போட்டு மூன்றாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். படித்து முடிக்கும் நேரத்தை மட்டும் கொண்டு தேர்வு செய்யப்படும் என்றும், பதில்கள் பயிற்சியாளரின் குறிப்புக்காக மட்டுமே என்றும் மூன்று வரியில் இருந்தது. பிறகு அவர் நிஜமான வருத்தத்தோடு கேட்டார். “நீங்கதானேம்மா இங்க வேகமா படிக்கிறவங்க? உங்களுக்குத்தான் கிடைக்கும்னு நானே நெனச்சேன். ஏன் அன்னைக்கு அவ்வளவு மெதுவா படிச்சீங்க?”

நான்கு பக்கச் சுற்றறிக்கையில் நான் படித்தது முதல் பக்கமும் கடைசிப் பக்கமும். நடுவை விட்டிருந்தேன்.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. அக்கா பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நேராகப் போய் முன்னால் நின்றேன்.

“மூணாம் பக்கத்துல இருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.” கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டாள். “பலகையில படிச்சேனே, நீயும் பாத்துட்டுத்தானே இருந்தே.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னியாடி?”

அவள் அடுத்த துணியைப் பிழிந்தாள். “ரெண்டு வாரம் சொல்லிக் குடுத்தே. ஒரு நாளாவது என்ன படிச்சீங்கன்னு கேட்டியா? ரெண்டாம் நாளே எனக்குப் புரிஞ்சு போச்சு. தலையில எதுவும் தங்கக்கூடாதுன்னுதான் இவ இப்படி விரட்டறான்னு. சரி, விரட்டட்டும்னு விட்டுட்டேன். எனக்கும் அந்த வேகம்தானே வேணும்.”

“விரல்ல அடிச்சப்போகூட வாயத் திறக்கலையே.”

“திறந்திருந்தா நீ நிறுத்தியிருப்பே.” அவள் குரலில் கோபமே இல்லை. “நானும் அஞ்சு வருஷமா அந்த ரூம்ல உக்காந்து படிச்சிட்டிருக்கேன்டி. நல்லாப் படிக்கறேன்னு அவரு என்னைத்தான் விடவே மாட்டேங்கறாரு. நாள் முழுக்கன்னா நான் செத்தே போயிருப்பேன்.”

நான் அவளைப் பசு என்று நினைத்திருந்தேன். வாய் அசைவதைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. அன்றைக்கு வயிறு எரிந்தது இன்னும் ஆறவில்லை. அவள் ஏமாற்றியிருந்தால்கூடத் திட்டித் தீர்த்திருக்கலாம். பலகையில் எல்லாருக்கும் பொதுவாக ஒட்டியிருந்ததை அவள் படித்தாள், நான் படிக்கவில்லை. இதற்கு யாரைப் போய்த் திட்டுவது?

மறுநாளிலிருந்து நான் மாமனார் அறையில். காலையில் தேதியிலிருந்து ஆரம்பித்தால் நாய் காணாமல் போவதற்குள் மதியம் ஆகிவிடும். பிறகு நேற்றைய தாளில் அவருக்குச் சந்தேகமான பகுதி. பிறகு அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பழைய புத்தகங்கள். முதல் வாரம் கரண்டிச் சத்தம் தூக்கத்திலும் கேட்டது. குறுக்கே ஓடிப் பார்த்தேன், வரிகளை ஒட்டிப் பார்த்தேன், இல்லாததை நானே இட்டுக்கட்டிக்கூட வாசித்தேன். எதுவும் பலிக்கவில்லை. “கம்பி நீட்டாதே. மறுபடி வா.” ஒருநாள் ஒரே பக்கத்தைப் பதினோரு தடவை வாசிக்க வைத்தார். பதினோராவது தடவை எனக்கு அழுகை வந்துவிட்டது. “அழுதுக்கிட்டே படி, பரவால்ல. சொல்லு மட்டும் விடாம வரணும்” என்றார். அன்றைக்கு அந்த ஆளை நான் தலையணையால் அமுக்கிக் கொன்றிருப்பேன். மனசில் கொன்றேன்.

ஒரு மாதத்தில் நான் விரலை வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே விரல். வேறு வழியில்லை.

அக்கா மாலையில் வருவாள், முகம் கழுவுவாள், சாப்பிட உட்காருவாள். நாள் முழுக்கப் பேச ஆள் இல்லாத எனக்கு அவளிடம் பேசுவதைத் தவிர போக்கிடம் இல்லை.

“இன்னைக்கு எத்தனை?”

“நாப்பத்தஞ்சு.”

அடுத்த வாரம் ஐம்பத்திரண்டு. பிறகு அறுபத்திரண்டு. மேற்பார்வையாளர் அவளுக்கு வாயெல்லாம் பல்லாக ஒரு பாராட்டுத் தாள் கொடுத்தாராம். ஒருநாள் நான் கேட்டேன்: “அறுபத்திரண்டுல யாருக்காச்சும் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாக்கா?”

“எதுல?”

“மனுவுலதான். யாராச்சும் படிக்கட்டுல, கண்ணு தெரியாம, அந்த மாதிரி…”

அவள் யோசித்துப் பார்த்தாள். பாவனை இல்லை, நிஜமாகவே யோசித்தாள். கை தட்டிலேயே நின்றது. “தெரியலடி” என்றாள். “அட்டை போயிட்டே இருக்கும். அது நிக்கற இடத்துல கண்ணுல பட்டதை அஞ்சு வரி எழுதி, ஒரு டிக் போடுவேன். யாரும் எதுவும் கேக்கறதில்ல.” பிறகு சாப்பிட்டாள். கைக்குட்டையை அவள் இப்போதெல்லாம் எடுத்துப் போவதில்லை. ஒரு நாளைக்கு அறுபத்திரண்டு குடும்பம் அந்த அட்டைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. அந்த அட்டையை அவள் கையில் கொடுத்தது நான். இரண்டு இரவு இதை நினைத்துத் தூக்கம் வரவில்லை. மூன்றாம் இரவு என் முதுகுவலிதான் பெரிதாகத் தெரிந்தது.

இரண்டு மாதம் சண்டை போட்டேன். வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை மட்டும், எனக்கு விடுதலை வேண்டும். அன்றைக்கு அக்கா அவருக்குப் படிக்கட்டும். கணவரோடு பேசாமல் இருந்தேன், சமைக்காமல் இருந்தேன், தலையால் தண்ணீர் குடித்தேன். கடைசியில் மூத்தவரே, “ஒரு நாள்தானே, விடு” என்று அவளிடம் சொன்னார். அவளும் மறுக்கவில்லை. மாமனாருக்குச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. “பெரியவ படிக்கப் போறாளா? அப்ப அந்தப் பழைய புஸ்தகத்தை எடுத்து வைங்க” என்றார். சனிக்கிழமையே முகச்சவரம் செய்துகொண்டார்.

ஞாயிறு காலை நான் நல்ல துணி உடுத்திக்கொண்டேன். போக இடம் ஒன்றும் பெரிதாக இல்லை. நகரத்தின் அந்தக் கோடிக்குப் பேருந்தில் போய்விட்டுத் திரும்பி வரலாம் என்று நினைத்திருந்தேன். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு கடைப் பலகையைக்கூடப் படிக்காமல் போக வேண்டும். செருப்பை மாட்டும்போது உள்ளே அக்கா ஆரம்பித்தாள்.

“பாலம்… மூணு பேர்… அமைச்சர் நேரில்… விற்பனைக்கு…”

டங் டங் டங்.

“என்னம்மா அது? தலையிலேர்ந்து வா.”

மறுபடி ஆரம்பித்தாள். முதல் வரி ஒழுங்காக வந்தது. இரண்டாவது வரியின் பாதியில் குரல் நாலு வரி கீழே குதித்தது. டங் டங். மூன்றாவது தடவை. நான் கதவருகே வந்து எட்டிப் பார்த்தேன். அவள் விரலை வைத்துப் படிக்க முயன்றுகொண்டிருந்தாள். விரல் சொல்லுக்குக் கீழே நிற்கவில்லை. தாளின் நடுவில் நேராக வழுக்கிக்கொண்டு கீழே போனது. அதைப் பிடித்து நிறுத்த இன்னொரு கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். உதடு அசையவே இல்லை. நெற்றியில் வியர்த்திருந்தது. அவள் நடிக்கவில்லை. அவளுக்கு வரவில்லை.

மாமனார் கரண்டியைக் கீழே போட்டார். “இது பெரியவ இல்ல” என்றார். “பெரியவன்னு சொல்லி யாரையோ கொண்டாந்து உக்கார வெச்சிருக்கீங்க. குருடன்தானேன்னு ஏமாத்தறீங்களா?”

“நான்தான் மாமா.”

“நீ இல்ல. எந்திரிச்சுப் போ. எவளா இருந்தாலும் இனிமே இந்தப் பக்கம் வராதே.” வெறும் கையால் படுக்கையைத் தடவினார். “சின்னவளைக் கூப்பிடு. குரல்ல எள்ளும் கொள்ளும் வெடிக்கும், இருந்தாலும் சொல்லு சொல்லா படிக்கறா. எல்லா நாளும் அவளே படிக்கட்டும்.”

அவ்வளவுதான் என் ஞாயிற்றுக்கிழமை. அக்கா தாளை மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். நடையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் அழுவதைப் பார்க்கிறேன். “எங்க போச்சுன்னே தெரியலடி” என்றாள். “கண்ணு நிக்க மாட்டேங்குது. ஒரு வரி, ஒரே ஒரு வரி படிக்க முடியல.”

எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் வந்தது. ஆனால் அதைவிட வேகமாக வேறொன்று வந்தது. விரலை எங்கே வைப்பது, மூச்சை எங்கே விடுவது, உதட்டை எப்படி அசைப்பது என்று இப்போது எனக்குத்தான் தெரியும். இரண்டு வாரம் போதும். இவளைப் பழையபடி ஆக்கிவிடலாம். பழையபடி ஆனால் ஒரு நாளைக்கு எட்டுக் கோப்புக்கு மேல் இவளுக்கு ஓடாது. அறுபத்திரண்டு கண்ட மேற்பார்வையாளர் எட்டை எத்தனை நாள் பொறுப்பார்? அப்புறம் அந்த நாற்காலிக்கு ஆள் தேடினால், யாரைத் தேடுவார்?

அவள் தோளில் கை வைத்தேன். என் குரல் எனக்கே தேனாக இருந்தது. “அழாதீங்கக்கா. நான் இருக்கேன்ல. தினம் சாயங்காலம் உக்காருங்க. மெதுவா படிக்கறது எப்படின்னு நான் சொல்லித் தரேன்.”

அவள் அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். என் முகத்தையே பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள், அவசரமே படவில்லை. நான் முதலில் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

“வேணாம்டி” என்றாள். “நாற்காலி போயிடும்.”

முகத்தைக் கையால் அழுந்தத் துடைத்துக்கொண்டாள். நாளைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய துணியை எடுத்துத் தேய்ப்பதற்காக அவள் அறைக்குப் போனாள். உள்ளே கரண்டி எங்கே விழுந்தது என்று மாமனார் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். நான் செருப்பைக் கழற்றினேன். உள்ளே போய்க் கரண்டியை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளின் மேல் ஓரத்தில் இருந்த தேதிக்குக் கீழே விரலை வைத்தேன்.